யாப்பியம்

தில்லை நகரின் குறுக்குத் தெருக்களைத் திருச்சிக்காரர்கள் எண்களால்தான் அழைக்கிறார்கள்: ஐந்தாவது கிராஸ், பத்தாவது கிராஸ். மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் மருந்துக்கடைகளும் நெருங்கி நிற்கும் அத்தெருக்களில், புதுக்கோட்டையிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்து காத்திருப்பவர்களில் பலரின் மனத்தில் இருப்பதும் ஓர் எண்ணைப் பற்றிய கேள்வியே. இன்னும் எத்தனை வருஷம்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பாவும் அதையே கேட்டார். இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியில்லாததால் இரண்டு ஆண்டுகள் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவ்விடத்தில் உள்ள பரோட்டிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு புற்றல்லாதவை. அவருடையது அந்த ஐந்தாவது. அறுவை முடிந்து வந்த திசு அறிக்கையில் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' என்றிருந்தது. "நீ படிச்சவன். இதுல எத்தனை வருஷம்னு போட்டிருக்கு, பார்த்துச் சொல்லுப்பா" என்று என்னிடம் நீட்டினார்.

தமிழ் படித்தவனுக்கு அப்போது துணைக்கு வந்தவர் பரிமேலழகர். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், நோயாளி, நோய், காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவன் செயல்பட வேண்டும் என்றொரு குறள் உண்டு. அதன் உரையில் அவர் நோயின் அளவைப் பகுக்கிறார். தீரக்கூடியது, தீராதது, இரண்டுக்கும் இடைப்பட்ட யாப்பியம் என வகை ஒன்று. தொடக்கம், நடு, இறுதி எனப் பருவம் ஒன்று. வன்மையும் மென்மையும் வேறு. இன்றைய புற்றுநோய் மருத்துவர் ஆயுளைக் கணிக்கக் கேட்பவையும் ஏறத்தாழ இவையே.

முதலில் பருவம். கட்டி 2 செ.மீ.க்குள் அடங்குகிறதா, 4 செ.மீ.யைத் தாண்டிவிட்டதா, கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா? அடுத்தது வன்மை. இப்புற்றில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. வீரியம் குறைந்த மியூகோஎபிடெர்மாய்டு வகை பெரும்பாலும் அறுவையோடு அடங்கிவிடும். உமிழ்நீர் நாளத்தில் தோன்றும் வகையோ வேகமாகப் பரவும். முகத்தசைகளை இயக்கும் நரம்பு பரோட்டிட்டின் ஊடாகவே செல்கிறது. ஆகவே அறுவைக்கு முன்பே முகம் ஒருபக்கம் தொய்ந்திருந்தால் அது நல்ல அறிகுறியன்று. வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் எஞ்சியிருக்கின்றனவா என்பதும் முக்கியம். இவற்றோடு நோயாளியின் வயதும் உடல்வலுவும் சேர்கின்றன.

சித்தப்பாவுக்கு வந்த வகை பொறுமைசாலி. மெல்ல வளரும், நரம்பைப் பற்றிக்கொண்டு ஊரும். ஐந்தாண்டைக் கடப்பவர் பலர். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அது நுரையீரலில் தலைகாட்டலாம். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாண்டைத் தாண்டினால் பிழைத்தார் என்னும் கணக்கு இங்கே செல்லாது. தீர்ந்தது என்றும் தீராது என்றும் சொல்லமுடியாத, பேணிக்கொண்டே வாழவேண்டிய இந்நோய்க்கு யாப்பியம் என்ற பழஞ்சொல்லே பொருந்துகிறது.

அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு 2003இல் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கு அறுவை நடந்தது. 2006இல் தாடையின் ஒரு பகுதியையும் பேச்சையும் இழந்தார். 2013இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார். இடைப்பட்ட பத்தாண்டுகளை எந்த விழுக்காட்டில் அடக்குவது?

விழுக்காடுகள் கூட்டத்தைப் பற்றியவை. குறளோ நோயுற்றவனை ஒருமையில் குறிப்பிடுகிறது. நோய்க்கு முன்பாக அவனை வைக்கிறது. அறிக்கையில் எண் ஏதும் இல்லை என்றுதான் சித்தப்பாவிடம் சொன்னேன். விளிம்பு சுத்தம், கணுக்கள் சுத்தம், நரம்புறையைத் தொட்டிருக்கிறது, ஆகவே கதிர்வீச்சு தேவை, ஆண்டுதோறும் பரிசோதனையும் தேவை என்று விளக்கினேன். "அப்ப வருஷத்துக்கு ஒரு வருஷமா வாங்கிக்க வேண்டியதுதான்" என்றார்.

வகையும் வன்மையும் நம் தேர்வல்ல, வயதும் அப்படித்தான். நம் கையில் சிறிதேனும் இருப்பது மூன்றாவதான காலம். காதுக்குக் கீழேயோ தாடைக்கு அடியிலோ சில வாரங்களாகியும் கரையாத கட்டியை, வலிக்கவில்லை என்பதற்காகவே மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிட வேண்டாம்.