மாயவனமும் ஒரு தாயும்

பேய்ப் படமா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நானும் ஒரு காலத்தில் அப்படிச் சுளித்தவள்தான்.

தொண்டாமுத்தூரில் காட்டோரத்து வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தி சாய்ந்தால், "அம்மிணி, வெளியே போகாதே, ஆனை வந்துரும்" என்பார் அம்மிச்சி. பேய்க்குப் பயப்பட எங்களுக்கு நேரம் ஏது?

அப்படிப்பட்டவளையும் உலுக்கிவிட்டது, 2015-ல் வெளிவந்த 'மாயா'. அஸ்வின் சரவணனின் முதல் படம். பெரும் பொருட்செலவில் எடுத்ததல்ல. மாயவனம் என்றொரு காடு. அதனுள் முன்பு மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த விடுதி. பத்திரிகைக்குச் சித்திரம் போடும் வசந்த் (ஆரி) அங்கே போகிறான். அந்தப் பகுதி முழுதும் கறுப்பு வெள்ளை! மரங்களுக்கிடையே எதைக் கண்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓசைதான் ஆளை உட்கார விடாது.

ஆனால் எனக்குப் பயம் வந்தது காட்டிலல்ல. நயன்தாரா ஏற்ற அப்ஸரா, கைக்குழந்தையோடு கடனில் தவிப்பவள். பேய்ப் படமொன்றைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பணம் என்று அறிவிக்கிறார்கள். அவள் துணிகிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன்!

கணவனைப் பிரிந்து, கைக்குழந்தையோடு கோவைக்கு வந்திருந்த என் மகளும் அன்று டெலிவிஷனில் என்னோடு பார்த்தாள். மாயாவைக் கண்டு அவள் கண்ணை மூடவில்லை. அப்ஸரா கொட்டகைக்குள் தனியே நுழைந்தபோதுதான் எழுந்து போய், தொட்டிலில் தூங்கிய குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வந்தாள்.

"நிறுத்திடட்டுமா, கண்ணு?" என்றேன்.

"வேண்டாங்கம்மா, ஓடட்டும். அவ என்ன பண்றான்னு பாக்கோணும்" என்றாள்.