பருந்துக் கணக்கும் ஜகாத் கணக்கும்

ஜார்ஜியா நாட்டின் பத்தூமி நகரருகே, சகல்வாஷோ குன்றில் செப்டம்பர் மாதம் ஒரு நாள் நின்றேன். கருங்கடலுக்கும் காக்கசஸ் மலைகளுக்கும் இடைப்பட்ட அக்குறுகிய வழியே இலையுதிர்காலந்தோறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைப்பறவைகள் தெற்கே செல்கின்றன. 2008 முதல் தன்னார்வலர்கள் அவற்றை எண்ணி வருகின்றனர். தேன்பருந்துகள் வெப்பக்காற்றில் சுழன்று ஏறுகையில் எண்ணினால் ஒன்றே இருமுறை கணக்காகிவிடுமாம். உச்சியிலிருந்து வரிசையாக நழுவிச் செல்லும்போதே எண்ண வேண்டும். சிறகு விரிக்கும் பறவைகளைக் கூறும் ஸூரா அல்முல்க்கின் 19ஆம் வசனம் நெஞ்சில் ஓடிற்று.

என்னிடமும் எண்ணும் கருவி ஒன்றைத் தந்தனர். லுஹர் தொழுது திரும்பியவன், இடையில் தவறியவற்றுக்காக உத்தேசமாக நூறு சேர்க்கலாமா என்றேன். "காணாததை நாங்கள் எழுதுவதில்லை" என்றார் அருகிலிருந்த இளைஞர்.

ஜகாத்துக்காகத் துணிக்கடைச் சரக்கை ஆண்டுதோறும் குத்துமதிப்பாகவே கணக்கிட்டு வந்தவன் நான். இவ்வாண்டு ரமளானுக்கு முன் மகனும் நானும் கட்டுக் கட்டாகப் பிரித்து எண்ணினோம். உத்தேசத்தைவிட அதிகமாகவே இருந்தது.