பகடையும் பங்காளிகளும்

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒரகடத்தில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரின் அறைக்குச் சென்றிருந்தோம். இளங்கலைக் கணிதம் படித்தவர். பகுதி ஒன்று தமிழுக்காக நம் வகுப்பில் இரண்டாண்டுகள் அமர்ந்தவர். இப்போது வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர். ஓர் அறையில் ஐந்து பேர். வெவ்வேறு ஷிப்டுகளில் வேலை செய்யும் ஐவரும் ஒருசேர விழித்திருப்பது வார விடுமுறையன்று மட்டும்தான். நாம் போனபோது பாயை விரித்து, நடுவில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்து, அதிலிருந்து காகிதச் சீட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தனர். ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்ட சீட்டுகள். முதலில் ஏலச்சீட்டு என்றே நினைத்தோம்.

"இருபது முகப் பகடை வேணுங்க ஐயா. எங்ககிட்ட இல்ல. அதான் இப்படி" என்றார் மாணவர்.

அவர்கள் ஆடியது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருவர் கதையை நடத்துகிறார். குகைக்குள் வந்துவிட்டீர்கள், இடப்புறம் நீரோசை கேட்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறார். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் திருடனாகவும் நின்று பதில் சொல்கின்றனர். கைகூடுமா, கூடாதா என்பதைச் சீட்டின் எண் தீர்மானிக்கிறது. பலகையும் காயும் இன்றியே ஆடலாம். முடிவில் வென்றவர், தோற்றவர் என்று யாருமில்லை. காஞ்சிபுரத்துப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நமக்குக் கட்டியங்காரன்தான் நினைவுக்கு வந்தான். ஆனால் இங்கே கதை எப்படி முடியும் என்பது கட்டியங்காரனுக்கே தெரியாது. இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீடு திரும்பியபின் இந்த ஆட்டத்தின் வணிக வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அந்த வாசிப்பு நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

கேரி கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன ஊழியர், 1970இல் வேலையிழந்தவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், மனைவி மக்களோடு, செருப்புத் தைத்துச் சிறுவருமானம் ஈட்டிக்கொண்டு, போர் விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதிவந்தார். மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்னும் இளைஞர், படைகளை மோதவிடும் அவ்விளையாட்டை வேறு திசையில் திருப்பியிருந்தார். அவருடைய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் ஆளுக்கொரு பாத்திரம். அப்பாத்திரம் ஒரு நாளோடு முடிவதில்லை, வாரந்தோறும் வளரும். அவர் அனுப்பிய குறிப்புகளைக் கைகாக்ஸ் விதிகளாக விரித்து எழுதினார்.

1973 அக்டோபரில் கைகாக்ஸும் பால்ய நண்பர் டான் கேயும் 'டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்' என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். புத்தகத்தை அச்சிடப் பணமில்லை. பிரையன் புளூம் என்பவர் 2,000 டாலருடன் மூன்றாவது பங்காளியாகச் சேர்ந்தார். 1974 ஜனவரியில் 1,000 பிரதிகள். மரத்தாள் ஒட்டிய பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். பெட்டிகளை வீட்டிலேயே கையால் சேர்த்தனர். அந்த ஆயிரம் விற்க ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. பகடைகள் கலிபோர்னியாவில் பள்ளிக்கூடங்களுக்குக் கணித உபகரணம் விற்ற நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தன. 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது நிறுவனமே தன் பெட்டிக்குள் எண்ணிட்ட அட்டைச் சில்லுகளை வைத்து விற்றது. ஒரகடத்து எவர்சில்வர் டம்ளருக்கு இப்படியொரு முன்னோடி இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

பெட்டிகளைக் கையால் சேர்த்தார்கள் என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டோம். 2002இல், முதுகலை முடித்த கையோடு, நாமும் நண்பர் ஒருவரும் ஒரு சிற்றிதழ் நடத்தினோம். 300 பிரதிகள். அவர் வீட்டுத் திண்ணையில்தான் தாள்களை மடித்து அடுக்கி, பின் அடித்து, அஞ்சல்தலை ஒட்டுவோம். அவருடைய தாயார் பசை காய்ச்சித் தருவார். இதழுக்குப் பெயர் வைத்தவர் அவர். எவரிடம் கதை கேட்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் பெரும்பாலும் அவருடைய முடிவே. மெய்ப்பும் கடிதங்களும் நம் பொறுப்பு. நான்காம் இதழுக்குப் பிறகு, வீட்டு நிலைமை காரணமாக, அவர் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். பின்னும் ஐந்து இதழ்களை நாம் தனியே கொண்டுவந்தோம்.

1975 ஜனவரியில் டான் கேய் மாரடைப்பால் இறந்தார். வயது 36. பங்காளி இறந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. பங்கு அவர் மனைவிக்குப் போயிற்று. அதை விலைக்கு வாங்கக் கைகாக்ஸிடம் பணமில்லை. புதிய நிறுவனம் அமைந்தபோது புளூமும் அவர் தந்தையும் பணம் போட்டனர். பெரும்பங்கு அவர்களிடம் சென்றது. பத்தாண்டு கழித்து, 1985இல், தம் ஆட்டத்தின் நிறுவனத்தில் கைகாக்ஸ் அதிகாரம் இழந்ததற்கு விதை இங்கே விழுந்தது.

ஆர்னசன் கதை நம்மை இன்னும் உறுத்தியது. 1977 முதல் நிறுவனம் 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு புதிய நூல்களை வெளியிட்டது. அட்டையில் கைகாக்ஸ் பெயர் மட்டும். இது மேம்பட்ட, வேறொரு நூல். ஆகவே ஆர்னசனுக்கு உரிமத்தொகை இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். 1979இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1981இல் சமரசம் ஆயிற்று. கைகாக்ஸ் எழுதியிராவிட்டால் அந்த ஆட்டம் மினசோட்டாவைத் தாண்டியிராது. ஆயினும் ஆர்னசன் இல்லாமல் எழுதுவதற்கு என்ன இருந்திருக்கும்? நம் தீர்ப்பு ஆர்னசன் பக்கமே சாய்கிறது. (2008இல் கைகாக்ஸும் 2009இல் ஆர்னசனும் மறைந்தனர்.)

மிச்சக் கதையை விரைவில் சொல்லிவிடலாம். கடனில் மூழ்கிய நிறுவனத்தை 1997இல் 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' வாங்கியது. அதனை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. சென்னையின் எம்.ஆர்.எஃப். 1987இல் 'ஃபன்ஸ்கூல்' பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியது இந்த ஹாஸ்ப்ரோவுடன் கூட்டுச் சேர்ந்துதான். ஃபன்ஸ்கூலின் ஆலை ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேலும் மேற்கே, ராணிப்பேட்டையில் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் பாட்டிமார் ஆடிய பரமபதம் இங்கிலாந்துக்குப் போய், பின்னர் அமெரிக்காவில் 1943இல் மில்டன் பிராட்லியின் 'ஷூட்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆயிற்று. அந்த நிறுவனமும் 1984இல் ஹாஸ்ப்ரோவுக்கே போனது. பரமபதத்தை உருவாக்கியவர் யாரென்று எவரும் வழக்காடவில்லை. வழக்காடப் பெயர் எதுவும் மிஞ்சவில்லை.

நம் சிற்றிதழின் தேர்ந்த படைப்புகள் 2011இல் நூலாக வந்தன. அட்டையில் தொகுப்பாசிரியர் என்று நம் பெயர் மட்டும் இருந்தது. நண்பர் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டார். இதழ் வேறு, தொகுப்பு வேறு. நீர் நான்கு இதழ்களோடு விலகிவிட்டீர் என்று விளக்கினோம். அப்போது அது நியாயமான விடை என்றே உண்மையாக நம்பினோம். அவர், "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நெருங்கிய பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் அதுவரை நம்மை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அதன்பின் பேச்சே இல்லை. அவர் ஆர்னசனைப் போல வழக்குப் போட்டிருந்தால் சமரசமாவது ஆகியிருக்கும்.

தொகுப்பின் இரண்டாம் பதிப்பு இப்போது அச்சுக்குத் தயாராக இருக்கிறது. அவருடைய பழைய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். அவர் பெயரை முதலில் போட விரும்புகிறோம், சம்மதமா என்று கேட்டிருக்கிறோம். வேறு எதையும் எழுதவில்லை. ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பிவந்தது. கையெழுத்து அவருடையதுதான். விடை இன்னும் வரவில்லை. அட்டையையும் முதல் நான்கு பக்கங்களையும் மட்டும் நிறுத்திவைக்கும்படி பதிப்பாளரிடம் சொல்லியிருக்கிறோம்.