டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன இரண்டு வரி

ஆடி மாசக் கடைசியில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது போஸ்ட்மேன் வரப்பு மேலேயே வந்து நின்றார். பெரியப்பா பேருக்குப் பெங்களூரிலிருந்து பதிவுத் தபால். "பெரியவர் கையெழுத்து போடணும்பா" என்றார். மண் கையோடவே அவரைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். அந்தத் தபாலுக்கு இரண்டரை வருஷமாகக் காத்திருந்தோம்.

பெரியப்பாவுக்கு இப்போது 79 வயசு. 1962இல் சீனாக்காரன் சண்டை முடிந்து ஊர் ஊராக ஆள் எடுத்தார்களே, அந்தச் சமயத்தில், 1963இல் பட்டாளத்துக்குப் போனவர். அப்போ ஜனாதிபதியே எங்க திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன். "எங்க ஊர் ஆள் கீழதாண்டா முப்படையும் இருந்தது" என்று பெரியப்பா இன்னைக்கும் சொல்லுவார். இவர் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் அவங்க சென்டர் இருக்கிறது. 1780இலிருந்து இருக்கிற படை. பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இதெல்லாம் அவங்க வேலை. பட்டாளத்தில் அவங்களுக்குப் பேரே 'தம்பி'தான்.

1980இல் ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். சாயங்காலமானால் டீக்கடை பெஞ்சில் அவர் கதைதான். 1971 டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போனது, பாகிஸ்தான்காரன் பின்வாங்கும்போது ஒவ்வொரு பாலமாக வெடி வைத்து உடைத்துவிட்டுப் போனது, இவங்க ராத்திரியில் இடுப்பளவு தண்ணியில் நின்று பெய்லி பாலத்தைப் பூட்டியது. பெய்லி பாலம் என்றால் நம்ம ஊர் கட்டில் மாதிரி, துண்டு துண்டாகக் கொண்டுபோய் முள் அடித்துச் சேர்ப்பதாம். ஒரு துண்டைத் தூக்க ஆறு பேர் வேணுமாம். கடைசியில் டாக்கா விழுந்தது, 93 ஆயிரம் பேர் சரணடைந்தது, கைதிகள் லாரி லாரியாகப் போனது. அதைச் சொல்லும்போது கையை நீட்டி லாரி வரிசையைக் காட்டுவார்.

ஒரு நாள் கடையில் ஒருத்தர் கேட்டார்: "எல்லாம் சரி, மெடல் எங்க?" பெரியப்பா வீட்டிலிருந்து மெடல் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். விவரம் தெரிந்த இன்னொரு மிலிட்டரிக்காரர் பார்த்துவிட்டு, "இது 65க்குக் கொடுத்த ரக்ஷா மெடல். இது சைன்ய சேவா. இது 72இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு எல்லாருக்கும் கொடுத்தது. 71க்கு உண்டானது இல்லையே" என்றார். அவ்வளவுதான். அன்னையிலிருந்து பெரியப்பாவுக்குப் பேர் 'கேன்டீன் மிலிட்டரி'. கேன்டீன் ரம் மட்டும்தான் பார்த்தவர் என்று அர்த்தம். நானும் என் வயசுப் பசங்களும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒரு தடவை அவர் காதிலேயே விழுந்தது. திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

65 சண்டையின்போது அவர் பெங்களூரிலேயே இருந்தார். அப்போ பட்டாளத்தில் 180 நாள் முடித்திருந்தாலே ரக்ஷா மெடல் உண்டு. பார்க்காத சண்டைக்கு மெடல் இருக்கிறது, பார்த்த சண்டைக்கு இல்லை. 71க்குப் பட்டாளத்தில் இருந்த எல்லாருக்கும் சங்கிராம் மெடல், கிழக்குப் பக்கம் சண்டையில் நின்றவர்களுக்குக் கூடவே பூர்வி ஸ்டார். வெண்கல நிறத்தில் அஞ்சு முனை நட்சத்திரம். இவருக்கு இரண்டுமே இல்லை. டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் எழுதும் இடத்திலும் அந்த இரண்டு வரி இல்லை.

2021 டிசம்பரில் அந்தப் போரின் 50ஆவது வருஷம் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு விழாவில் 71 வீரர்களுக்குச் சால்வை போட்டார்கள். பெரியப்பாவும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் இருந்த பையன் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 71 எழுதலையே தாத்தா, பின்னாடி உட்காருங்க" என்றான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது. நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். பைக்கில் திரும்பி வரும்போது, "செத்தப்புறம் இந்த புக்கைத்தாண்டா பாப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்னைக்கு ராத்திரியே நான் முடிவு பண்ணினேன். எனக்குப் படிப்பு பத்தாவதுதான். ஆனால் பேப்பர் திருத்துவதில் எங்க குடும்பத்துக்கு அனுபவம் உண்டு. விவசாயம் பண்ணுகிறவன் யாரைக் கேட்டாலும் சொல்லுவான், 1980களில் யு.டி.ஆர். பட்டா வந்தபோது எத்தனை பேர் நிலம் எத்தனை பேர் நம்பரில் போய் ஒட்டிக்கொண்டது என்று. எங்க நிலத்தில் 40 சென்ட் அப்படிப் போனது. உழுவது நாங்க, சிட்டாவில் வேற ஆள். அதைத் திருத்த அப்பா ஆறு வருஷம் நடந்தார். மூலப் பத்திரம் வேற தெலுங்கில் இருந்தது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் சித்தூர் மாவட்டம்தானே, ம.பொ.சி. போராடித்தான் இந்தப் பக்கம் வந்தோம். பத்திரத்தைப் படித்துக் காட்டவே ஒருத்தரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போ அப்பா கூடவே போய்க் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. 'எனக்குச் சேரணும்' என்று எழுதினால் பதில் வராது. எந்தப் பதிவேட்டில், எந்த வருஷம், எந்த வரி விட்டுப்போனது என்று எழுதணும்.

பட்டாளத்திலும் அதே மாதிரிதான். ஒரு சிப்பாய்க்கு லீவ், கல்யாணம், குழந்தை, மெடல் எது நடந்தாலும் யூனிட் கிளார்க் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒன்று போடணும். அது ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் போய், அங்கே அந்த ஆளுடைய 'ஷீட் ரோல்' என்கிற ஏட்டில் ஏறணும். அங்கே ஏறினால்தான் டிஸ்சார்ஜ் புக்கில் வரும். யூனிட்டில் ஆர்டர் போடவில்லை என்றால் அந்த ஆள் பீரங்கியையே தனியாகப் பிடித்திருந்தாலும் ஏட்டில் எதுவும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நல்லவேளை, பெரியப்பா பென்ஷன்காரர். பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் ஏட்டை 25 வருஷம் கழித்து அழித்துவிடுவார்களாம். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்.டி.ஐ.யில் ஷீட் ரோல் நகல் கேட்டேன். வந்தது. 71க்கு மெடல் வரி இல்லை. அடுத்து விண்ணப்பம் போட்டோம். அது திரும்பி வந்துவிட்டது, பேர் ஒத்துப்போகவில்லை என்று. பெரியப்பா படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். அங்கே வழக்கப்படி வீட்டுப் பேரை இன்ஷியலாக முன்னால் போட்டிருக்கிறார்கள், அதுவே பட்டாளத்திலும் ஏறிவிட்டது. ஆதாரில் தமிழ் வழக்கப்படி அப்பா பேர் இன்ஷியல். 20 ரூபாய் பத்திரத்தில் 'இரண்டும் ஒரே ஆள்தான்' என்று நோட்டரியிடம் எழுதி வாங்கினோம். வி.ஏ.ஓ. கடிதம் தனி. இதிலேயே எட்டு மாசம் போச்சு. ஏன் இழுத்தது என்று எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும், விடுங்க.

பேர் சரியானாலும் இவர் கிழக்கே போனதற்கு ஆதாரம் வேணுமே. அப்போதான் அமெரிக்காவில் இருக்கிற மச்சான் பையன் போனில் ஒரு விஷயம் சொன்னான். 1973 ஜூலையில் அங்கே செயின்ட் லூயிஸ் ஊரில் பட்டாளத்து ஆவணக் கட்டடம் தீப்பிடித்து ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேல் ஃபைல்கள் எரிந்துபோச்சாம். அந்த ஆட்களுக்கு மெடலோ பென்ஷனோ கொடுக்க வேண்டி வந்தால், சம்பளப் பட்டுவாடா, ஆஸ்பத்திரியில் சேர்த்த பதிவு இதையெல்லாம் தேடிச் சேர்த்துத்தான் ஒரு ஆளை மறுபடி உண்டாக்குவார்களாம். "மாமா, மெடல் பக்கத்தையே பாக்காதீங்க, மத்த பக்கத்தைப் பாருங்க" என்றான்.

ஷீட் ரோல் நகலை மறுபடி எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கார்பன் மாதிரி மங்கின எழுத்து. ஒரு வரியில் 1971 டிசம்பர் 11 என்று தேதி, ஃபீல்ட் கம்பெனியிலிருந்து மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சேர்த்தது, மலேரியா என்று இருந்தது. ஆஸ்பத்திரி கிழக்கில். அங்கிருந்து நேராக வேற யூனிட்டுக்கு மாற்றல். பழைய யூனிட் மெடல் பட்டியல் போட்டபோது இவர் அங்கே இல்லை. புது யூனிட்டுக்கு இவர் சண்டைக்குப் போனதே தெரியாது. இரண்டு பேருமே எழுதவில்லை.

சந்தோஷமாக ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். அவர் முகம் மாறியது. எனக்கு அப்புறம்தான் உறைத்தது. போர் முடிந்தது 16ஆம் தேதி. 11ஆம் தேதி ஆஸ்பத்திரி.

"அப்ப அந்தக் கைதிங்க லாரி, பெரியப்பா?"

ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அத்த நான் பாக்கலடா. நகரிக்காரன் பாத்தான். அவன் சொன்னதுதான்" என்றார். நகரிக்காரர் அவரோட ஒரே கம்பெனியில் இருந்தவர், இப்பவும் இருக்கிறார், ஆந்திரப் பக்கம். "பாலத்துல நின்னது நானு. அது சத்தியம். எட்டு நாளு. அப்பறம் நடுக்கம் வந்து விழுந்துட்டேன். எல்லாரும் டாக்கா டாக்கான்றானுங்க, நான் கட்டில்ல படுத்துகினு ரேடியோல கேட்டேன். ஊருக்கு வந்து இத்த எப்படிடா சொல்றது? காய்ச்சல்ல படுத்தவன்னு சொல்லுவானுங்க."

கடைசி நாள் வரைக்கும் நின்றால்தான் மெடல் என்று விதி இல்லை, இது பரவாயில்லை என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. "இத்த வச்சாதான் ஆவுமா?" என்றார். வேற ஆதாரம் இல்லையே. நாலு நாள் பேச்சே இல்லை. அஞ்சாம் நாள் காலையில் நான் மோட்டார் போடப் போகிற வழியில் நின்றுகொண்டிருந்தார். "எழுது. காய்ச்சல்னே எழுது" என்றார்.

நகரிக்குப் போனோம். அந்தப் பெரியவர் பூர்வி ஸ்டாரைத் தகர டப்பாவில் வைத்திருந்தார். ஓரத்தில் அவர் நம்பரும் பேரும் பொறித்திருந்தது. பட்டாளத்து மெடல் எல்லாவற்றிலும் அப்படித்தான் பொறிப்பார்கள். இரண்டு பேரும் தெலுங்கும் தமிழும் கலந்து மத்தியானம் வரைக்கும் பேசினார்கள், யார் இருக்கிறார், யார் போய்ச் சேர்ந்தார் என்று. அவர் சாட்சியாக அஃபிடவிட் கொடுத்தார். அதையும், ஆஸ்பத்திரி வரியில் அடிக்கோடு போட்ட நகலையும், பேர் பத்திரத்தையும் சேர்த்து, முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினோம். நடுவில் இரண்டு தடவை விளக்கம் கேட்டார்கள். இரண்டு தடவை எழுதினோம்.

இப்போ வந்த தபாலில், பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் அவருக்கு உரியவை என்று ஏட்டில் பதிந்தாகிவிட்டது, மெடல் இருப்பு வந்ததும் அனுப்பப்படும் என்று இருந்தது. மெடல் அடிப்பது கொல்கத்தா நாணயச் சாலையில். எப்போ வருமோ. அதே மாதிரி மெடல் கடையிலேயே கிடைக்கும், பட்டாளத்தில் பல பேர் அதைத்தான் வாங்கிக் குத்திக்கொள்வார்கள். "வாங்கிடலாமா பெரியப்பா?" என்று கேட்டேன். "அதுல என் நம்பர் இருக்குமா?" என்றார். இருக்காது. "அப்ப வேணாம்." கடிதத்தை நாலாக மடித்து டிஸ்சார்ஜ் புக்குக்குள் வைத்துக்கொண்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் டீக்கடைக்கு அவரே வந்தார். 'கேன்டீன் மிலிட்டரி' என்று பேர் வைத்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. பசங்கதான் இருந்தாங்க, போனைப் பார்த்துக்கொண்டு. நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் ஒரு பையன், "தாத்தா, சண்டையில இன்னா பண்ணீங்க?" என்று கேட்டான். பெரியப்பா ஆரம்பித்தார். உடைந்த பாலம், இடுப்பளவு தண்ணி, ஆறு பேர் தூக்குகிற இரும்பு. எல்லாம் பழையபடி. கை நீட்டுகிற இடம் வந்தது. நீட்டவில்லை.

"அப்பறம் எனக்கு மலேரியா வந்து ஆஸ்பத்திரில போட்டுட்டாங்க" என்றார்.

"அப்ப டாக்கா?"

"ரேடியோல கேட்டேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.