ஹட்டன் பிறந்த கதை

ஹட்டன் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று எம் மாணவருள் யாரேனும் ஆண்டுதோறும் வினவுவதுண்டு. ஸ்கொத்லாந்து நாட்டிலே, அபர்டீன் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. காடழித்துத் தோட்டம் கண்ட துரைமார் தம் ஊர் நினைவை இங்கே நட்டனர். நம் முன்னோரும் ஊர் நினைவோடுதான் வந்தனர்; ஆயினும் பெயர் சூட்டும் உரிமை கூலிக்கு ஏது?

முதலில் வந்தது கோப்பி. அது பருவப் பயிர். தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து பழம் பறித்தோருட் பலர் பருவம் முடிந்ததும் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை நாளடைவில் அழித்தது. பின்வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பறிக்கும் கைகளும் ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலைத்தன. குடும்பம் என்றால் அரிசியும் துணியும் வேண்டுமே! கடைவீதிக்கு வித்து அதுதான்.

1874இல் நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப்பாதை, ஹட்டனுக்கு ஏறிவரப் பத்தாண்டுகள் ஆயின. அந்த 1884ஆம் ஆண்டையே இவ்வூரின் பிறந்த ஆண்டாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. அரிசி மூட்டை மேலேறியது. தேயிலைப் பெட்டி கீழிறங்கியது. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அடியார்களும் இங்கே இறங்கலாயினர்.

மறு ஆண்டே பாதை நானுஓயா வரை நீண்டது. அவ்வழியில், கொட்டகலைக்கு இப்பால், அரைக் கிலோமீற்றருக்கும் மேலாக மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்றுண்டு. 2019 வரை இலங்கை இருப்புப்பாதையில் அதுவே மிக நீண்டதாக இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் பூல்பாங்க். மலையக மக்கள் அதனைச் சிங்கமலைச் சுரங்கம் என்றே வழங்குகின்றனர்.