கடலோர ஓட்டமும் சில ஆரஞ்சுச் சுளைகளும்

மும்பையில் குளிர்காலம் உண்டா என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேலி செய்வதுண்டு. உண்டு; விடியலுக்கு முன் வந்து, காலை ஒன்பது மணிக்குள் விடைபெற்றுவிடும் குளிர் அது. ஜனவரியில் நடைபெறும் மும்பை மாரத்தான் அந்தச் சில மணி நேரத்தை நம்பியே நடக்கிறது. 2004இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில், 2019ஆம் ஆண்டு, பத்தாண்டுக் காலச் சர்க்கரை நோயோடும் மருத்துவரின் அனுமதியோடும் நானும் கலந்துகொண்டேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தின் முன்னிருந்து இருளிலேயே புறப்பட்டோம். மரைன் டிரைவில் கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. உப்புக் காற்றாக மட்டுமே உடன் வந்தது. பெடர் சாலையின் ஏற்றம் அப்போது ஏற்றமாகவே தோன்றவில்லை.

2009இல் திறக்கப்பட்ட பாந்திரா-வொர்லி கடற்பாலத்தில் கால்நடையாகச் செல்ல மற்ற நாட்களில் அனுமதி இல்லை. வாகனங்களுக்கென்றே கட்டப்பட்ட அந்தப் பாலத்தில் அன்று ஆயிரக்கணக்கான கால்களின் ஓசை மட்டும் கேட்டது. நாகப்பட்டினத்துக் கரையில் வளர்ந்தவன் நான். கடலிலிருந்து சூரியன் எழுவதே எனக்குப் பழகிய விடியல். இங்கோ, அரபிக்கடல் இடப்புறம் சாம்பல் நிறத்தில் கிடக்க, சூரியன் வலப்புறத்துக் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. கீழே கோலி மீனவர்களின் படகுகள். இப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

மாஹிம், தாதர் வழியாகத் திரும்புகையில் வெயில் ஏறிவிட்டது. முப்பது கிலோமீட்டரை ஒட்டி, தசைகளிலும் ஈரலிலும் சேர்ந்திருந்த சர்க்கரை தீரத் தொடங்கும். கொழுப்பை எரித்தும் ஓடலாம். ஆனால் அது மெதுவாகவே எரியும். ஓட்டக்காரர்கள் இந்த நிலையைச் 'சுவர்' என்பார்கள். அதில் மோதியவனுக்குப் பாதத்தின் முன்னுள்ள மூன்றடித் தார்ச்சாலை மட்டுமே உலகம். ஹாஜி அலி தர்கா கடலின் நடுவே வெண்மையாக நின்றிருக்க வேண்டும். பார்த்த நினைவே இல்லை. அழகு ஓட்டக்காரனைப் பாதி வழிவரைதான் கூட்டிச்செல்லும் போலும்.

மீண்டும் பெடர் சாலை. இம்முறை அது மலையாக நின்றது. கைகள் நடுங்கின, வியர்வை குளிர்ந்தது. சர்க்கரை தாழ்வதற்கு மருத்துவர் சொல்லியிருந்த அறிகுறிகள் இவை. இடுப்புப் பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரிக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சாலையோரம் எவர்சில்வர் தட்டோடு நின்றிருந்த ஒரு மூதாட்டி, என் உள்ளங்கையில் ஆரஞ்சுச் சுளைகளை வைத்து, பொட்டலத்தையும் பிரித்துத் தந்து, "சாவகாஷ், பாவூ" என்றார். மராத்தியின் அந்தச் சொல்லும் நம் 'சாவகாச'மும் ஒன்றுதான்.

நடைபாதையில் உட்கார்ந்து தின்றேன். கல்யாண வீட்டு இலையில் ஜாங்கிரி விழும்போதெல்லாம் அதை ஓரமாய் ஒதுக்கிவைத்துப் பழகிய கை இது. பத்தாண்டுகளாக எதிரியென்றே எண்ணி வந்த இனிப்பு, முன்பின் அறியாத ஒருவரின் கையிலிருந்து மருந்தாக வந்தது. சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. என் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கத்தானோ என்னவோ, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தியில் தடுமாறிப் பதில் சொன்னேன். எழுந்து நின்ற பிறகே அவருடைய கவனம் அடுத்து வந்தவர்களிடம் திரும்பியது.

எஞ்சிய தொலைவைச் சாவகாசமாகவே நடந்தும் ஓடியும் கடந்தேன். மரைன் டிரைவில் இறங்கியபோது, அதிகாலையில் காணக் கிடைக்காத கடல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.