காய்ச்சலுக்கு மட்டும் லீவு

ஆடித்தபசு அன்றைக்கு எங்க சங்கரன்கோவிலில் ஒருத்தருக்கும் காய்ச்சல் வராது. வயிற்றுப்போக்கு வராது. ஊரில் பாட்டி சாகமாட்டாள். காரணம் ரொம்ப சிம்பிள்... தறி ஓடாது. கோமதி அம்மனுக்கு சாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிற நாளில், விசைத்தறிக் கூடத்தில் நின்று அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராது என்பது முதலாளிக்கும் தெரியும். அவரே வெள்ளை வேட்டி கட்டி ரத வீதிக் கூட்டத்தில்தான் நிற்பார். கவர்மென்ட்டும் உள்ளூர் விடுமுறை விட்டுவிடும். எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு என்றால் பொய்க்கு அங்கே வேலை இல்லை. நெய்தால்தான் கூலி என்பதால் அன்றைய கூலி போச்சு, அது வேறு கதை.

ஊர் முழுக்க லீவு கேட்கிற நாளில்தான் சில பேருக்கு வேலை நெட்டித்தள்ளும். பஸ் கண்டக்டர், நர்ஸ், போலீஸ்காரர், பத்திரிகைக்காரன். ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் தீபாவளிக்கு மூன்று நாள் கேட்டால், “எல்லாரும் போயிட்டா தீபாவளி மலரை யாருய்யா முடிக்கிறது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், வருஷா வருஷம் அதே மூன்று பேரிடம் மட்டும் கேட்டார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

இதை எல்லாம் கிளறிவிட்டது எங்கள் தெருவில் வளர்ந்த ஒரு பெண். விமானத்தில் கேபின் க்ரூவாக இருக்கிறாள். (ஏர் ஹோஸ்டஸ் என்று சொன்னால் இப்போது கோபித்துக்கொள்கிறார்கள்!) என்னை மாமா என்று கூப்பிடுவாள். எந்தக் கம்பெனி, எந்த ஊரில் இருக்கிறாள் என்பதெல்லாம் வேண்டாம். அவளுக்கு வேலை வேண்டும்.

கூடப் பிறந்த அக்காவுக்கு வளைகாப்பு. தேதி குறித்த அன்றைக்கே இரண்டு நாள் ‘ஆஃப்’ கேட்டு எழுதிவிட்டாள். அடுத்த மாத ரோஸ்டர் வந்தது. வளைகாப்பு அன்றைக்கு விடியற்காலை ட்யூட்டி, நாலு முறை ஏறி இறங்க வேண்டும். மெயில் போட்டாள். இரண்டு நாள் கழித்து, ‘இயலவில்லை’ என்று ஒரு வரி. போனில் கெஞ்சினாள். ஆள் இல்லை என்றார்கள்.

“கேட்டா குடுக்க மாட்டேங்காவ மாமா. கேக்காம, காலைல போனைப் போட்டு காச்சல்னு சொன்னா ‘டேக் கேர்’ங்காவ. என்ன செய்யச் சொல்லுதிய?”

என்னிடம் யோசனை கேட்கவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. முடிவெடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

காய்ச்சல் என்ற சொல்லுக்கு விமானத்தில் மட்டும் எப்படி இவ்வளவு மரியாதை என்று விசாரித்தேன். விஷயம் இருக்கிறது. உடம்பு சரியில்லாத சிப்பந்தி விமானத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. நமக்கு ஜலதோஷம் என்றால் ஒரு சுக்குக் காபியோடு ஆபீஸ் போய்விடலாம். மூக்கு அடைத்துக்கொண்டு விமானத்தில் போனால், கீழே இறங்கும்போது காதுக்குள் காற்றழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழிந்தே போகலாம். தீ, புகை என்று ஏதாவது நடந்தால் கதவைத் திறந்து அத்தனை பேரையும் ஒன்றரை நிமிஷத்தில் வெளியே தள்ள வேண்டியதும் இவர்கள்தான். நமக்கு டீ கொடுப்பது உபதொழில்.

ஆக, லீவு என்பது விண்ணப்பம், மறுக்கலாம். காய்ச்சல் என்பது தகவல். மேலதிகாரி அதை மீறி ‘பரவாயில்லை, வா’ என்றால் நாளைக்கு அவர் கையில்தான் விலங்கு. சர்ட்டிபிகேட் கேட்கலாம், அவ்வளவுதான். சர்ட்டிபிகேட் எழுதித் தர எந்த ஊரில் டாக்டர் இல்லை?

இன்னொரு கணக்கும் உண்டு. 50 சீட்டுக்கு ஒரு சிப்பந்தி என்பது இந்திய விதி. 180 சீட் விமானம் என்றால் நாலு பேர். மூன்று பேர் வந்து ஒருத்தி வராவிட்டால் ‘அட்ஜஸ்ட்’ பண்ணிக்கொள்ள முடியாது. 180 பேரும் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் ஸ்டாண்ட்பை என்று சிலரை வைத்திருக்கிறார்கள். வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால், யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்டிங்கில் மறந்தது போக மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு பாடம்தான். அதில் ஒன்று, கையிருப்பு. எந்த ஃபேக்டரியும் கடைசி மூட்டை தீரும்வரை கச்சாப் பொருள் வாங்காமல் இருக்காது. கொஞ்சம் உபரி வைத்திருக்கும். அந்த உபரிக்கு ஒரு செலவு உண்டு, அதைக் குறைக்கக் குறைக்க லாபம் ஏறுவது போலத் தெரியும். ஸ்டாண்ட்பை சிப்பந்தி என்பதும் அப்படி ஓர் உபரிதான். அதைச் சுண்டக் காய்ச்சினால் என்ன ஆகும்? பேலன்ஸ் ஷீட்டில் மிச்சமாகிற பணம், ஒரு பெண்ணின் அக்கா வளைகாப்பிலிருந்து எடுத்த பணம். கணக்குப் புத்தகத்தில் அதற்குத் தலைப்பு கிடையாது.

தனி ஆளின் காய்ச்சல் இப்படி. கூட்டமாகக் காய்ச்சல் வருவது வேறு ரகம்.

2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகளுக்கு வந்தது. சங்கம் ஆரம்பித்த விவகாரத்தில் இரண்டு விமானிகளை வேலையை விட்டு நீக்க, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ‘உடம்பு சரியில்லை’ என்றார்கள். ஐந்து நாள், நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து. சமரசம் ஆனதும் அத்தனை பேரும் ஒரே நாளில் குணமானார்கள். (அந்தக் கம்பெனியே 2019-ல் பறப்பதை நிறுத்திவிட்டது.) 2012 மே மாதம் ஏர் இந்தியா விமானிகளுக்கு. புதிதாக வரவிருந்த ட்ரீம்லைனர் விமானத்துக்கு யாருக்குப் பயிற்சி என்ற சண்டையில் ஆரம்பித்த நோய் 58 நாள் நீடித்தது. 2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை இண்டிகோவின் உள்நாட்டு விமானங்களில் பாதிக்கு மேல் தாமதம். ஏர் இந்தியா ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ‘சிக்’ சொன்னவர்களில் நிறைய பேர் அங்கே இன்டர்வியூவில் இருந்தார்கள் என்று செய்தி வந்தது.

இந்த வியாதி நம் நாட்டுச் சொத்து என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியின் டூயிஃப்ளை நிறுவனம் கம்பெனியை மாற்றி அமைக்கப் போவதாக அறிவித்தது. வழக்கமாக நூற்றுக்குப் பத்துப் பேர் ‘சிக்’ சொல்கிற இடத்தில், அடுத்து வந்த நாட்களில் விமானிகளில் 89 சதவிகிதம் வரை படுத்துவிட்டார்கள்! ‘இது எங்கள் கையை மீறியது’ என்று கம்பெனி நஷ்டஈடு தர மறுக்க, கேஸ் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. நிர்வாகம் எடுத்த முடிவால் வந்த காய்ச்சலை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் போலக் காட்ட முடியாது என்று 2018-ல் தீர்ப்பு வந்தது. எனக்குப் பிடித்த தீர்ப்பு.

நமக்குப் பக்கத்தில் நடந்தது 2024 மே மாதம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் சிப்பந்திகள் நூற்றுக்கணக்கில் கடைசி நேரத்தில் ‘சிக்’ சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டார்கள். இணைப்பு, சம்பளம், பாரபட்சம் என்று பல குறைகள். 80-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. சுமார் 25 பேரை நிர்வாகம் டிஸ்மிஸ் செய்தது. மே 9-ம் தேதி டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு நாளில் கண்ணூரிலும் கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் மாட்டிக்கொண்டவர்கள் யார்? வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். தேதி தாண்டினால் விசாவே போய்விடும் என்ற நிலையில் நின்றவர்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் திருவனந்தபுரம் போய்த்தான் ஏறுவார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்த கணவரைப் பார்க்கக் கிளம்பிய ஒரு பெண்ணுக்கு விமானம் கிடைக்கவில்லை. கடைசிவரை அவரை உயிரோடு பார்க்க முடியவில்லை. குறை உண்மையாகவே இருக்கட்டும், இந்தப் பெண்ணிடம் அதை யார் போய் விளக்குவது? கம்பெனி விளக்கட்டும் என்று சிப்பந்தியும், சிப்பந்தி விளக்கட்டும் என்று கம்பெனியும் கை காட்டலாம்.

நேராக ஸ்ட்ரைக் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். 14 நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததும் சமரசப் பேச்சு ஆரம்பித்தால், அது முடிகிறவரை செய்ய முடியாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்ட்ரைக்தான். காய்ச்சலைப் பற்றி அந்த வரியில் பேச்சு இல்லை. வக்கீல்களுக்கு நல்ல காலம்.

அது அமலான பத்துப் பன்னிரண்டு நாளில் இண்டிகோ படுத்தது. இந்தத் தடவை யாரும் ‘சிக்’ சொல்லவில்லை. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்திருந்தது. அதற்கேற்ற ஆள் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. டிசம்பர் 5-ம் தேதி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு விதியை வாபஸ் வாங்கியது. லீவு எடுத்த நாளை வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதி. அதாவது, கல்யாணத்துக்கு ஒருத்தர் கேட்டு வாங்கிய லீவை அவருடைய தூக்கத்துக்கான நாளாகவும் எழுதிக்கொள்ளலாம். ஆள் எடுக்காதது கம்பெனி, தூக்கத்தை விட்டுக்கொடுப்பது விமானி. இந்த ஒரு கணக்கை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நம்ம பெண் வளைகாப்புக்கு வந்தாள். சலுகை டிக்கெட்டில் மதுரைக்குப் பறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ராத்திரி ஆம்னி பஸ்ஸில் வந்தாள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் என்று வீடே மணக்க, அவள் மட்டும் காமிரா திரும்புகிற பக்கமெல்லாம் தூணுக்குப் பின்னால் போனாள். எவனாவது வாட்ஸ்-அப்பில் போட்டு, அது எங்கேயாவது சுற்றி கம்பெனிக்குப் போய்விட்டால்? “அக்கா பக்கத்துல வந்து நில்லுங்க பாப்பா” என்று போட்டோகிராஃபர் தொண்டை வற்றக் கத்தினார். ஆல்பத்தில் அவள் இருக்கிறாள். அக்காவுக்கு வளையல் போடுகிற கை மட்டும்.

அன்றைக்கு அவளுக்குப் பதிலாக ஸ்டாண்ட்பையிலிருந்து ஒருத்தியை எழுப்பிவிட்டார்கள். விடியற்காலை 3 மணி போன். அவளுக்கு மூன்று வயசுப் பையன், அன்றைக்கு அவனுக்குப் பிறந்தநாள். எல்லாம் தெரிந்தும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று மெசேஜ் மட்டும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அந்தத் தோழிக்கு விழுந்திருந்த ட்யூட்டியை இவள் கேட்டு வாங்கி மாற்றிக்கொண்டாள். இவளுக்கு அன்றைக்கு ஆஃப் இருந்தது. ஊரில் அம்மா முறுக்குக்கு மாவு இடித்து வைத்துக் காத்திருந்தார்.

வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“லீவு கேட்டேன், தரமாட்டேன்னுட்டாவன்னு சொல்லிட்டேன் மாமா.”